பி.சீனிவாச ராவ்: தஞ்சை குத்தகைச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்த கன்னடக்காரர்… யார் இந்த பி.எஸ்.ஆர்?

டெல்டா மாவட்டங்களில் இன்றைக்கு ஒரு குத்தகை விவசாயியை நில உரிமையாளர் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதற்கும் சட்டத்தில் கணக்கு இருக்கு. இந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடவில்லை. 1943-ல் தஞ்சை மாவட்டத்துக்குள் கால் வைத்த ஒருவரின் கதையோடு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அவர் தஞ்சாவூர்க்காரர் இல்லை, தமிழர்கூட இல்லை. பெயர் பி.சீனிவாச ராவ். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் இன்றும் பி.எஸ்.ஆர் என்றால் தெரியும்.

கல்லூரியை விட்டு வந்த பிராமண இளைஞர்

1907-ல் அன்றைய தென் கனரா மாவட்டத்தில், கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் சீனிவாச ராவ். பெங்களூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது சுதந்திரப் போராட்டம் இழுத்தது. படிப்பைப் பாதியில் விட்டார். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் இறங்கி போலீஸ் தடியடியில் பலத்த காயம்பட்டார், சிறைக்கும் போனார். 1930-களில் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

1943-ல் விவசாயிகளைத் திரட்டும் பொறுப்போடு கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது. தாய்மொழி கன்னடம். பிறந்தது பிராமண ஜாதியில். போக வேண்டிய இடமோ, அந்தக் காலத்தில் பிராமணர் காலே வைக்காத சேரிகள். இவர் போய் எப்படி சங்கம் கட்டுவார் என்ற சந்தேகம் யாருக்கும் வந்திருக்கும்.

அன்றைய தஞ்சை எப்படி இருந்தது?

பி.எஸ்.ஆர் செய்தது என்ன என்று புரிய வேண்டுமானால், முதலில் அன்றைய நில உறவைத் தெரிந்துகொள்ள வேண்டும். காவிரிப் பாசனத்தின் நல்ல நஞ்சை நிலம் மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் கையில் இருந்தது. அதில் உழைத்தவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, குத்தகைதாரர். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்துவிட வேண்டும். இரண்டாவது, வாரதாரர். விளைச்சலில் ஒரு பங்கு இவருக்கு. பல இடங்களில் அது நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்றுதான். இந்த இரண்டு பேருக்கும் எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாமே வாய்ப்பேச்சு. அறுவடை முடிந்ததும் நிலத்தை விட்டுப் போ என்றால் போக வேண்டியதுதான்.

மூன்றாவது வகை பண்ணையாள். பெரும்பாலும் தலித் மக்கள். ஒரே பண்ணையில் வருஷம் முழுக்க வேலை. குடியிருக்கும் குடிசை மனையும் பண்ணைக்குச் சொந்தம். கல்யாணம், சாவு என்று வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகன் தலைக்கு ஏறும். கூலி நெல்லாகக் கிடைக்கும். அதிலும் மோசடி உண்டு. கூலி அளக்க சின்ன மரக்கால், திருப்பி வாங்க பெரிய மரக்கால்.

தண்டனையும் உண்டு. வேலைக்கு லேட்டாக வந்தால், எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனையும் நடைமுறையில் இருந்தது. தோளில் துண்டு போடுவதும், காலில் செருப்பு போடுவதும்கூட தப்பு.

தென்பரையில் தொடங்கிய சங்கம்

மன்னார்குடி அருகே உள்ள தென்பரை மடத்து நிலங்கள் இருந்த கிராமம். குத்தகை விவசாயிகள் மடத்தின் ஏஜென்ட்களால் நொந்துபோயிருந்தார்கள். 1943-ல் பி.எஸ்.ஆர் அங்கேதான் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். அவர் மேடை போட்டுப் பேசிவிட்டுக் கிளம்பும் ஆள் இல்லை. சேரியிலேயே தங்கினார், அவர்கள் சாப்பிட்ட கஞ்சியைச் சாப்பிட்டார், அவர்கள் படுத்த இடத்தில் படுத்தார். ஜாதியை விட்டுவிட்டேன் என்று அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிமையானது. நீங்களும் மனுஷங்கதான், அடிச்சா திருப்பி அடிங்க, தனியாப் போகாம கூட்டமாப் போங்க. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே பழகிய மக்களுக்கு இது புதுப் பேச்சு. ஊர் ஊராகச் சங்கம் பரவியது, செங்கொடி ஏறியது.

இன்னொரு முக்கியமான வேலையும் நடந்தது. வாரதாரர், குத்தகைதாரர் பலர் இடைநிலை ஜாதிகள். பண்ணையாட்கள் தலித்கள். ஜாதியால் பிரிந்து கிடந்த இந்த இரண்டு தரப்பையும் ஒரே சங்கத்தில் உட்கார வைத்ததுதான் தஞ்சை விவசாய இயக்கத்தின் பலம். இது எல்லா ஊரிலும் சுலபமாக நடந்துவிடவில்லை.

1944: மன்னார்குடி ஒப்பந்தம்

அறுவடை நேரம் பார்த்து வேலைநிறுத்தம் செய்தால் மிராசுதாரால் தாங்க முடியாது. கதிர் முற்றி வயலில் நிற்கும்போது ஆள் இல்லையென்றால் மொத்த மகசூலும் போச்சு. சங்கத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் இதுதான்.

விளைவு, 1944-ல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதார்களும் சங்கமும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். சவுக்கடி, சாணிப்பால் தண்டனைகளை நிறுத்த வேண்டும், சரியான அளவுள்ள முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசி முடிவானது. கூலியைவிட அந்த மக்கள் பெரிதாக நினைத்தது முதல் அம்சத்தைத்தான். உடம்பின் மேல் கை வைக்கக் கூடாது என்று பண்ணையாரே ஒப்புக்கொண்டது அங்கே அதுவரை நடக்காத ஒன்று.

ஆனால் ஒப்பந்தம் வேறு, சட்டம் வேறு. ஒப்பந்தத்தை மீறினால் கேட்க கோர்ட் இல்லை. சங்கம் பலமாக இருக்கும் ஊரில்தான் அது செல்லுபடியாகும். அந்தச் சங்கமே கொஞ்ச நாளில் ஆபத்தில் சிக்கியது.

தலைமறைவு வருஷங்கள்

1948 முதல் கம்யூனிஸ்ட்கள் மீது அடக்குமுறை பாய்ந்தது. சங்க அலுவலகங்கள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானவர்கள் கைது. பி.எஸ்.ஆர் தலைமறைவானார். களப்பால் குப்பு 1948-ல் திருச்சி சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950-ல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதே காலத்தில் மிராசுதார்கள் பழைய கணக்கைத் தீர்க்க ஆரம்பித்தார்கள். சங்கத்தில் இருந்த வாரதாரர்கள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். பண்ணையாட்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர்.

1952: ராஜாஜி கொண்டுவந்த அவசரச் சட்டம்

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே. 62 இடங்களோடு கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாவது பெரிய கட்சியானது. முதல்வரானவர் ராஜாஜி. கம்யூனிஸ்ட்களைத் தன் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே அறிவித்தவர் அவர்.

அதே ராஜாஜிதான் 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டே அது முழுச் சட்டமானது. சொந்தக் கட்சியில் இருந்த மிராசுதார்களே எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. தஞ்சையில் புகைந்துகொண்டிருந்த நெருப்பைச் சட்டத்தால்தான் அணைக்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த நெருப்பை மூட்டியவர்களில் முதல் ஆள் பி.எஸ்.ஆர்.

சட்டத்தில் என்ன இருந்தது? 1951 டிசம்பர் 1-க்குப் பிறகு வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்களுக்கு நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். வாரதாரரின் பங்கு ஐந்தில் இரண்டு. அதாவது 100 மூட்டை விளைந்தால் 40 மூட்டை உழுதவருக்கு. பண்ணையாளைக் காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது. கூலிக்கும் வரையறை உண்டு. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கர் நஞ்சைக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கே இந்தச் சட்டம் பொருந்தும்.

சட்டத்தில் விழுந்த ஓட்டை

சட்டம் வந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு? குத்தகைதாரருக்கு நிஜமாகவே பலன் கிடைத்தது. பண்ணையாள் விஷயத்தில் கதை வேறு மாதிரி போனது. சட்டம் காப்பாற்றியது நிரந்தரப் பண்ணையாளை மட்டும்தான், தினக்கூலியை இல்லை. உடனே பல மிராசுதார்கள் பண்ணையாட்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

பரம்பரை அடிமைத்தனம் ஒழிந்தது. கூடவே, வருஷம் முழுக்க வேலை உண்டு என்ற உத்தரவாதமும் போனது. தஞ்சையின் அடுத்த கால் நூற்றாண்டு கூலிப் போராட்டங்களுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

குத்தகை பக்கம் சட்டங்கள் மேலும் நகர்ந்தன. காமராஜர் ஆட்சியில் 1955-ல் வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுக்கப் பொருந்தும். குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது போன்ற காரணங்கள் இருந்தால்தான் வெளியேற்ற முடியும். அதுவும் வருவாய்த்துறை விசாரித்த பிறகே. 1956-ல் நியாயமான குத்தகைச் சட்டம் வந்தது. நஞ்சையில் நில உரிமையாளருக்கு 40 சதவீதம், உழுபவருக்கு 60 சதவீதம். 4 ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது.

கடைசிப் போராட்டம்: நில உச்சவரம்பு

பி.எஸ்.ஆரின் அடுத்த கோரிக்கை, உபரி நிலம் நிலமில்லாதவர் கைக்குப் போக வேண்டும் என்பது. 1960-ல் அரசு நில உச்சவரம்பு மசோதாவைக் கொண்டுவந்தது. 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை அனுமதி. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது நிலத்தின் தீர்வையை வைத்துப் போடும் கணக்கு. வானம் பார்த்த புஞ்சை என்றால் 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்குள் நிஜத்தில் அதைவிட எத்தனையோ மடங்கு நிலம் அடங்கிவிடும். தோட்டங்கள், அறக்கட்டளை நிலங்கள் என்று விதிவிலக்குகள் வேறு. பெரிய குடும்பங்கள் சொந்தக்காரர் பெயருக்கு நிலத்தைப் பிரித்து எழுத வேண்டிய அளவு நேரமும் கிடைத்துவிட்டது.

இந்த மசோதாவைத் திருத்தக் கோரி விவசாயிகள் சங்கம் நடைபயணம், மறியல் என்று இறங்கியது. 1961-ல் நடந்த இந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் பி.எஸ்.ஆர். ஜெயிலும் தலைமறைவும் பட்டினியும் கண்ட உடம்பு தாங்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சையில் உயிர் பிரிந்தது. வயது 54. திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

அவருக்குப் பிறகு நடந்தது என்ன?

அவர் எதிர்த்த 30 ஏக்கர் வரம்பு 1970-ல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-ல் வந்தது. பண்ணைக்குச் சொந்தமான மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கே அந்த இடத்தைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-ல் வந்தது. நியாயமான குத்தகை பின்னர் 25 சதவீதமாக இறங்கியது. இன்று உழுபவர் பங்கு 75 சதவீதம்.

கூலிச் சட்டத்துக்கு மட்டும் தஞ்சை மிகப் பெரிய விலை கொடுத்தது. 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு அமைந்த கணபதியா பிள்ளை கமிஷனின் தொடர்ச்சியாக 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1952 சட்டம் கைவிட்ட தினக்கூலிக்காரருக்கு ஒரு சட்டம் வர 17 வருஷம் ஆனது.

இன்றும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. குத்தகைச் சட்டங்களின் பாதுகாப்பை ஒருவர் முழுசாகப் பெற, தான்தான் சாகுபடி செய்கிறேன் என்று காட்ட வேண்டும். டெல்டாவில் பல குத்தகைகள் இப்பவும் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன. பதிவு இல்லாத குத்தகைதாரருக்குப் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம், பயிர்க் காப்பீடு என எதற்குப் போனாலும் முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். உங்கள் குடும்பம் அப்படிக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது என்றால், 1969 சட்டத்தின் கீழ் பெயரைப் பதிய வழி இருக்கிறது. அதற்கு அணுக வேண்டிய இடம் தாலுகா அளவிலான வருவாய்த்துறை அலுவலகம்.