கண்ணின் கணக்கை ஆராய்ந்த அறிஞர் மாக்ஸ் வெர்தைமர்

பிள்ளைங்க கையில ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுக்கிறோம். பிள்ளை முதல் எழுத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே அதன் கண் ஒரு வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. எது எதோடு சேர்ந்தது, எது தனியானது, எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் கிடக்கிறது என்று பிரித்து வைத்துவிடுகிறது. அந்தப் பிரிப்பு சரியாக அமைந்தால் பாடம் பாதி புரிந்த மாதிரிதான். கோணலாக அமைந்துவிட்டாலோ கெட்டிக்காரப் பிள்ளையும் தடுமாறும். பெரியவர்களும் அவசரப்பட்டு அதற்கு மண்டு என்று பட்டம் கட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் பட்டத்தைக் கழற்றுவது லேசான காரியமில்லை.

கண்ணின் இந்த வேலையைப் பொறுமையாக ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் காட்டியவர் மாக்ஸ் வெர்தைமர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் உளவியல் பாடத்தில் கெஸ்டால்ட் கொள்கை என்ற பெயரோடு இவர் பெயரையும் படித்திருப்பார்கள். தேர்வு முடிந்ததும் பெயர் மறந்துபோவது உண்டு. ஆனால் வகுப்பறைக்கு இவர் விட்டுச் சென்ற செய்தி மறக்கக்கூடியது அல்ல. பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் அது உதவும் என்ற நம்பிக்கையில் அன்னாரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

பிறப்பும் கல்வியும்

வெர்தைமர் 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அந்த நகரம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று அது செக் நாட்டின் தலைநகர். தகப்பனார் வணிகக் கல்வி கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். தாயார் இசையில் தேர்ந்தவர். ஆகவே வீட்டில் படிப்பும் இசையும் சேர்ந்தே இருந்தன. பையன் பியானோவும் வயலினும் கற்றுக்கொண்டான்.

பெரியவனானதும் சட்டம் படிக்கத்தான் பல்கலைக்கழகம் சேர்ந்தார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படிச் சிந்திக்கிறான் என்ற கேள்விதான் அவரை இழுத்தது. தத்துவமும் உளவியலும் படித்து, 1904ஆம் ஆண்டு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பிராக் நகரில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் ஃபொன் ஏரன்ஃபெல்ஸ். அவர் 1890ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் இசையைப் பற்றி அருமையான கருத்து ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒரு பாட்டைச் சுருதி மாற்றிப் பாடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒவ்வொன்றும் மாறிவிடுகிறது. ஆனாலும் பாட்டு அதே பாட்டுதான் என்று சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அப்படியானால் மெட்டு என்பது தனித்தனி ஒலிகளில் இல்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் அமைப்பில்தான் இருக்கிறது. இந்தக் கருத்து மாணவர் மனத்தில் விதையாக விழுந்தது. பின்னாளில் வெர்தைமர் நம் அண்டை நாடான இலங்கையின் வேடர் மக்களுடைய பாடல்களையும் ஒலிப்பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ரயில் பயணத்தில் உதித்த எண்ணம்

1910ஆம் ஆண்டு. வெர்தைமர் விடுமுறைக்காக வியன்னாவிலிருந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஓர் எண்ணம் தோன்றியது. உண்மையில் எதுவுமே நகராதபோதும் நகர்வது போலக் கண்ணுக்குத் தெரிகிறதே, அது எப்படி என்று யோசித்தார். யோசனை வந்ததும் விடுமுறையை மறந்தார். பிராங்பர்ட் நகரில் இறங்கி, கடையில் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கினார். சற்றே வேறுபட்ட படங்களை அடுத்தடுத்து வேகமாகக் காட்டும் சாமான் அது. அதைக்கொண்டு முதலில் தாமே சோதித்துப் பார்த்தார்.

பிறகு பிராங்பர்ட் ஆய்வுக்கூடத்தில் சோதனையை ஒழுங்காக நடத்தினார். இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவேளை அதிகமாக இருந்தால் முதலில் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு என்று தெரிந்தது. இடைவேளை மிகமிகக் குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே, நொடியில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இடைவேளை விட்டபோதோ, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரிந்தது! சோதனைக்குக் கண் கொடுத்தவர்கள் வோல்ஃப்காங் கோலர், குர்ட் கொஃப்கா என்ற இரண்டு இளம் அறிஞர்கள். பின்னாளில் இந்த மூவரும் சேர்ந்தே புதிய உளவியல் பள்ளி ஒன்றை வளர்த்தார்கள்.

1912ஆம் ஆண்டு இந்த ஆய்வு அச்சில் வெளிவந்தது. நாம் பார்க்கும் சினிமாவும் இப்படித்தான். நொடிக்கு 24 அசையாத படங்கள் ஓடுகின்றன. நம் கண்ணுக்கு ஆள் நடக்கிறார், ஓடுகிறார். அந்த அசைவு எந்தத் தனிப் படத்திலும் இல்லை. துண்டுகளைக் கூட்டினால் கிடைக்காத ஒன்று முழுமையில் இருக்கிறது. இந்த முழுமையான அமைப்புக்குத்தான் ஜெர்மன் மொழியில் கெஸ்டால்ட் என்று பெயர்.

புள்ளிகள் சொன்ன பாடம்

1916 முதல் 1929 வரை வெர்தைமர் பெர்லின் நகரில் பணியாற்றினார். அங்கே விஞ்ஞான மேதை ஐன்ஸ்டீன் அவருக்கு நெருங்கிய நண்பரானார். சார்பியல் கொள்கை அவர் மனத்தில் எப்படி உருவானது என்று மணிக்கணக்காகக் கேட்டறிந்தார்.

1923ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரைதான் நமக்கு மிகவும் வேண்டியது. பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தாளில் வைத்த புள்ளிகளும் சில கோடுகளுமே போதுமானவையாக இருந்தன. கீழே பாருங்கள்.

●●   ●●   ●●   ●●

எட்டுப் புள்ளிகள்தான். ஆனால் யாரும் எட்டு என்று பார்ப்பதில்லை. நாலு சோடி என்றுதான் பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவை சேர்ந்துகொள்கின்றன. ரப்பர்த் தோட்டத்தில் மரங்களை நெருக்கமாகவும் வரிசைகளை அகலமாகவும் நட்டிருந்தால் நாம் நிரை நிரையாகப் பார்க்கிறோமே, அதே கணக்குத்தான். இனி இதைப் பாருங்கள்.

●●○○●●○○

இடைவெளி எல்லாம் ஒன்றே. இருந்தாலும் கறுப்பு கறுப்போடும் வெள்ளை வெள்ளையோடும் சேர்கின்றன. ஒத்தவை ஒன்றுசேரும். இதுபோல, ஒரே திசையில் சேர்ந்து நகர்பவை ஒரே கூட்டமாகத் தெரியும். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டிப் போனாலும் கண் அதன் போக்கிலேயே தொடர்ந்து போகும். கொஞ்சம் விட்டுப்போன வட்டத்தையும் கண் மூடி முழு வட்டமாக்கிக்கொள்ளும். இவற்றையெல்லாம் வெர்தைமர் ஒன்றொன்றாகப் படம் போட்டுக் காட்டினார். உருவம் வேறு, பின்னணி வேறு என்று கண் பிரிப்பதை டென்மார்க்கு அறிஞர் எட்கர் ரூபின் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புதிய கல்வி உளவியலுக்கு அடித்தளமாயின.

வகுப்பறையில் ஒரு சோதனை

வெர்தைமர் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்றும் பார்த்தார். ஒரு வகுப்பில் ஆசிரியர் இணைகரத்தின் பரப்பளவைக் கற்பித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து செங்குத்துக் கோடு இறக்கி, அடிக்கோட்டை நீட்டி, முறையாக விளக்கினார். பிள்ளைகளும் கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். பார்ப்பதற்கு எல்லாம் நன்றாகவே இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு வெர்தைமர் பலகையில் ஓர் இணைகரம் வரைந்தார். ஆனால் அதைத் திருப்பி நிறுத்தி வரைந்தார். அவ்வளவுதான்! சில பிள்ளைகள் இது இன்னும் நடத்தாத பாடம் என்று சொல்லிவிட்டார்கள். சிலர் பழக்கப்படி மேலிருந்து கோடு இறக்கி, அது எங்கேயோ போய் நிற்க, திகைத்துப்போனார்கள். ஒரு சிலர்தான் படத்தைத் திருப்பிப் பார்த்துச் சரியாகச் செய்தார்கள்.

இதே படத்தை ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காட்டினார்கள். செவ்வகத்தின் பரப்பளவு மட்டுமே அவளுக்குச் சொல்லித் தந்திருந்தது. முதலில் தெரியாது என்றவள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முனை துருத்திக்கொண்டிருப்பதும் மறுமுனை குறைந்திருப்பதும் அவள் கண்ணில் பட்டன. உடனே கத்தரிக்கோல் கேட்டாள். துருத்திய முக்கோணத்தை வெட்டி, குறைந்த பக்கத்தில் வைத்தாள். அது அப்படியே பொருந்தி, செவ்வகம் கிடைத்துவிட்டது.

வகுப்புப் பிள்ளைகளில் பலர் வழிமுறையை மனப்பாடம் செய்தார்கள். சிறுமியோ உருவத்தின் அமைப்பையே கண்டாள். இதைத்தான் வெர்தைமர் உண்மையான சிந்தனை என்றார். படம் எப்போதும் ஒரே மாதிரி நின்றால் பிள்ளை படத்தின் நிலையைத்தான் கற்கும், பொருளைக் கற்காது.

நாடு விட்டு நாடு

1929ஆம் ஆண்டு பிராங்பர்ட்டில் பேராசிரியரானார். அந்த மதிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வரப்போகும் ஆபத்தை உணர்ந்த வெர்தைமர், மனைவி மக்களோடு ஜெர்மனியை விட்டு வெளியேறினார். யூதர் என்பதால் பதவியும் பறிபோனது. அதே ஆண்டில் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, நியூயார்க் நகரின் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிலையத்தில் பணி ஏற்றார். அப்போது வயது ஐம்பத்து மூன்று. புதிய நாடு, புதிய மொழி. அந்த வயதில் பழகாத ஆங்கிலத்தில் பாடம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதைப் பிழைப்புக்காக ஊர் மாறியவர்களின் வழியில் வந்த நாம் அறிவோம். அவர் சோர்ந்துவிடவில்லை.

பல ஆண்டு உழைத்து எழுதிய நூலை முடித்த சிறிது காலத்தில், 1943ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். இணைகரக் கதை அடங்கிய அந்த நூல் 1945ஆம் ஆண்டு வெளிவந்தது. அச்சில் அதை அவர் பார்க்கவில்லை. பெர்லினில் அவரிடம் பயின்ற ருடோல்ஃப் ஆர்ன்ஹைம், ஆசிரியரின் கொள்கையை ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் கொண்டுசென்று 1954ஆம் ஆண்டு புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதினார். இன்று படம் வரைவோரும் பாடநூல் தயாரிப்போரும் கற்கும் பாடங்களில் வெர்தைமரின் புள்ளிகள் இருக்கின்றன.

நமக்கு என்ன பயன்?

அன்புப் பெற்றோர்களே! இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஏழு ரப்பர் விதைகளைத் தரையில் கண்டபடி கொட்டினால் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணும். அதையே ஐந்து ஒரு வரிசை, கீழே இரண்டு என்று வைத்தால் பார்த்த மாத்திரத்தில் ஏழு என்று சொல்லும். விதையும் அதேதான், பிள்ளையும் அதேதான். அடுக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். கொ என்ற எழுத்தில் ஒரு குறி முன்னால் நிற்கிறது, ஒரு குறி பின்னால் நிற்கிறது. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அவை மூன்று தனித்தனித் துண்டுகள். முன்குறியையும் பின்குறியையும் ஒரே சிவப்பு நிறத்தில் எழுதி, நடுவில் ககரத்தைக் கறுப்பில் எழுதினால், இரண்டு சிவப்பும் ஒரே குடும்பம் என்று கண் சேர்த்துக்கொள்ளும். கௌ என்பதைக் கெள என்று பிரித்துப் படிக்கும் பிள்ளைக்கும் இதே வைத்தியம் உதவும். இடைவெளியும் அப்படித்தான். பலகை என்று சேர்த்து எழுதினால் ஒரு பொருள். பல கை என்று விட்டு எழுதினால் வேறு பொருள். அவசரத்தில் நாம் விடும் இடைவெளி பிள்ளைக்குப் பாடத்தையே மாற்றிவிடும்.

மணிலா அட்டையில் பாடப் படம் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெயரைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதுவது நல்லது. தூரத்தில் எழுதினால் கண் வேறு படத்தோடு சேர்த்துவிடும். ஒரே இனத்துக்கு ஒரே நிறம் போதும். அழகுக்காகப் பத்து நிறம் தீட்டினால் எது எதோடு சேரும் என்று பிள்ளைக்கு விளங்காது. ஓரத்தில் பூவும் கொடியும் நிறைந்தால் பாடம் பின்னணியில் ஒளிந்துகொள்ளும். காலி இடம் வீண் இடமல்ல. அதுதான் கண்ணுக்கு வழி காட்டுகிறது. முக்கோணத்தைக் காட்டினால் நேராகவும் காட்டுங்கள், சாய்த்தும் காட்டுங்கள், தலைகீழாகவும் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. பழைய நாட்காட்டித் தாளும் இரண்டு வண்ணப் பென்சிலும் இருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் விதையை அடுக்கிக் காட்டலாம். ஒரு பிள்ளை பாடத்தில் தடுமாறினால், அதன் மூளையைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் கண் முன்னே நாம் வைத்த பக்கத்தைப் பார்ப்போம்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காமல் கீழே அமர்ந்து கைதட்டும் பிள்ளைகளே, உங்களில் பலருக்கு அந்தச் சிறுமியின் கண் இருக்கிறது. படத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்க வேண்டியது பெரியவர்களாகிய எங்கள் கடமை. அதைச் செய்வோமாக!