ஜெலுத்தோங்கின் புலி

பினாங்கில் ஜெலுத்தோங் கடலோரச் சாலை ஒன்று கர்ப்பால் சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘ஜெலுத்தோங்கின் புலி’ என்று மக்கள் அழைத்த அவ்வழக்கறிஞர் மறைந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது.

கர்ப்பால் சிங் 28 ஜூன் 1940இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய அவர் தந்தை, காவலராக வேலை செய்தும் மாடு மேய்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். கர்ப்பால் செயிண்ட் சேவியர் பள்ளியில் பயின்றார். பின்னர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிப்பை முடிக்க வழக்கத்தைவிடக் கூடுதல் காலம் ஆனபோதும் அவர் தளரவில்லை. 1969இல் வழக்கறிஞரானார்.

1977இல் பினாங்கில் ஒரு வழக்கு நாட்டையே உலுக்கியது. துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பதினான்கு வயது மாணவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய சட்டப்படி அக்குற்றத்திற்கு வேறு தண்டனை இல்லை. வயதும் கணக்கில் கொள்ளப்படவில்லை. அச்சிறுவனுக்காக வாதாடியவர் கர்ப்பால். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. இறுதியில் மன்னிப்பு வழங்கப்பட்டு, அவன் சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். தூக்குக் கயிற்றிலிருந்து ஓர் இளம் உயிர் தப்பியது.

அதன் பிறகும் மரண தண்டனையை எதிர்நோக்கிய பலருக்காக அவர் வாதாடினார். குற்றம் சாட்டப்பட்டவர் அனைவரும் குற்றவாளிகள் அல்லர். குற்றத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை. அச்சான்றுகளைக் கேள்விக்கு உட்படுத்துவது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடமை. இரு தரப்பையும் கேட்ட பின்னரே நீதிபதி தீர்ப்பு வழங்குகிறார். ஒரு தரப்பு ஊமையாகிவிட்டால் தராசு சாய்ந்துவிடும். இதனை உணர்ந்தே, மக்கள் வெறுத்தவர்களுக்காகவும் அவர் நீதிமன்றம் ஏறினார்.

1978 முதல் 1999 வரை அவர் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். 2005இல் நேர்ந்த சாலை விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. கையும் காலும் முன்போல் இயங்கவில்லை. எனினும், அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியிலேயே நீதிமன்றத்திற்கு வந்து வாதாடினார்.

17 ஏப்ரல் 2014 அதிகாலையில், பினாங்கில் ஒரு வழக்கில் முன்னிலையாக அவர் காரில் புறப்பட்டு வந்தார். வழியில், பேராக் மாநிலத்தின் கம்பார் அருகே நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். இறுதிப் பயணமும் கடமையை நோக்கியதாகவே அமைந்தது.

2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. மரண தண்டனை முற்றாக ஒழிக்கப்படவில்லை. ஆயினும், குற்றத்தின் தன்மையையும் சூழலையும் எண்ணிப் பார்த்துத் தண்டனையை முடிவு செய்யும் உரிமை நீதிபதிகளுக்குக் கிடைத்தது. அந்த உரிமை 1977இல் இருந்திருந்தால், பதினான்கு வயதுச் சிறுவன் தூக்கு மேடையின் நிழலில் நின்றிருக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் மரண தண்டனையை எதிர்த்த கர்ப்பால், அம்மாற்றத்தைக் காண உயிரோடு இல்லை.