வெள்ளைச் சேலையும் முருகன் பாட்டும்: கே.பி. சுந்தராம்பாள்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் நம் ரயில் பாதையின் நிறமே மாறிவிடும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ திருத்தணி லோக்கலில் ஏறிப் பாருங்கள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, காவடி, பால்குடம், கைக்குழந்தை, கட்டுச்சோறு. ரயில் பட்டாபிராம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் பாட ஆரம்பித்துவிடுவார். வள்ளியை மணந்த முருகன் வந்து குடியிருக்கும் மலைக்குப் போகிறவர்கள் வேறு எப்படிப் போவார்கள்?

துக்கத்தில் கைகொடுத்த பாட்டுகளைப் பற்றி இந்த இதழில் எழுதலாம் என்று முடிவானபோது, கேட்டுத் தேறியவர்களை விட, பாடித் தேறிய ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு முருகன் பாட்டு என்றதும் காதில் ஒலிக்கும் குரல் அவருடையதுதான்: கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். வீட்டில் வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். அப்படிப் பாடியபோதுதான் ரயில்வேயில் அதிகாரியாக இருந்த நாடக ஆர்வலர் நடேச ஐயர் காதில் அந்தக் குரல் விழுந்தது என்பார்கள். அதன் பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனி. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பையனின் வேஷம் கொடுத்தார்கள். அந்த வேஷத்துக்கு அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருந்திருக்காது.

மைக் இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்டவேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் கூட்டம் வராது. சுந்தராம்பாளின் குரல் எட்டியது. கடல் தாண்டி இலங்கைக்கும் போனது.

அங்கேதான் 1926 வாக்கில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. செங்கோட்டையில் 1906-ல் பிறந்த கிட்டப்பா அப்போதே நாடக மேடையின் ராஜா. அவரோடு சேர்ந்து பாடினால் உன் பாட்டு எடுபடாது என்று சுந்தராம்பாளைப் பயமுறுத்தியவர்களும் உண்டாம். நடந்தது வேறு. இவர் ஒன்று பாட, அவர் அதற்கு மேலே ஏற, இவர் அதையும் தாண்ட, விடிய விடிய ஜனம் எழுந்திருக்கவில்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் இது முக்கியம்.

இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார், சாதியும் வேறு. அதனால் அந்த வாழ்க்கை சுலபமாக இருக்கவில்லை. ஒரு குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்தது. நடுவில் பிரிவு, மனஸ்தாபம், கிட்டப்பாவின் குடி. இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்பாடு அச்சிலும் வந்துவிட்டன. படித்தவர்களுக்குத் தெரியும், காதலும் கோபமும் ஒரே காகிதத்தில் எப்படி இருக்கும் என்று. மேடையில் மயங்கி விழும் அளவுக்கு உடம்பு கெட்டு, 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். பாட்டும் நின்றது.

நம் வீடுகளிலும் பார்க்கிறோமே. ஒரு சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரை டிவி போட மாட்டோம். அக்கம்பக்கத்து ஃப்ளாட்டில்கூட சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பாட்டு என்றால் சந்தோஷம் என்று நாம் எப்படியோ முடிவு கட்டி வைத்திருக்கிறோம். சுந்தராம்பாளுக்குப் பாட்டுதான் கிட்டப்பா. எந்த ராகத்தை எடுத்தாலும் எதிரில் நின்று பதில் பாட ஆள் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டதற்கு வழக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

அந்த மௌனத்தை உடைக்க ஒரு சினிமாக்காரர் வந்தார். 'பக்த நந்தனார்' படமெடுக்க நினைத்த அசன்தாஸ், நந்தனாராக இவர்தான் நடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இவருக்கு விருப்பமில்லை. ஆளை விரட்டுவதற்காகவே 1 லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் சரி என்று சொல்லிவிட்டதாகவும் கதை. கதை எப்படியோ, 1 லட்சம் என்பது உண்மை. அந்நாளில் யாரும் கேட்டிராத தொகை. 1935-ல் படம் வந்தது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கல்கி ஆனந்த விகடனில் படத்தைக் கிழித்து எழுதினார். படம் எப்படிப் போனால் என்ன, சுந்தராம்பாள் மறுபடியும் பாடிவிட்டார்.

நந்தனார் வேஷத்தை அவர் ஒப்புக்கொண்டதில் ஒரு கணக்கு இருந்தது என்று நினைக்கிறேன். ஆண் வேஷம் போட்டால் ஜோடி தேவையில்லை. எடுத்த முடிவும் கெடாது. அதைவிட முக்கியமாக, நந்தனாரின் பாட்டெல்லாம் பார்க்க முடியாத ஒருவரைப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம். தன் துக்கத்தைச் சொல்லாமலே அவரால் அதைப் பாட முடிந்தது.

பிறகு வந்த வேஷங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1940-ல் 'மணிமேகலை', துறவி. 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'அவ்வையார்'. கல்யாணம் வேண்டாம், இளமையை எடுத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் வேண்டி ஒரே நொடியில் கிழவியாகும் பெண்ணின் கதை. குசலகுமாரி அந்த இளம்பெண்; கிழவியானதும் சுந்தராம்பாள். 25 வயதில் நிஜமாகவே அதைச் செய்தவருக்கு அந்த வேஷம் பொருந்தியதில் ஆச்சரியம் என்ன? 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். வசனம் எழுதியவர் கடவுளை நம்பாத மு. கருணாநிதி, நடித்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். இளங்கோவின் கவுந்தி, கோவலன் இறந்த செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிரை விட்டவர். 1973-ல் ஏ.பி. நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்'. அழகு வேண்டாம், பேய் உருவம் தா என்று சிவனிடம் கேட்ட அம்மை.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கணவன் போனதும் பெண் எல்லாவற்றையும் துறக்கவேண்டும் என்பது அன்றைய ஊர் வழக்கம். மனைவியை இழந்த எந்த நடிகரிடமும் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் விதவை என்றால் மூலையில் உட்காரவேண்டும், எதிரே வரக்கூடாது என்ற அதே ஊரில், அந்த வெள்ளைச் சேலையோடே அவர் மேடையேறினார். காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். சத்தியமூர்த்தியின் பேச்சுக்குக் கூடிய கூட்டத்தில் இவர் பாட்டுக்காக வந்தவர்களும் ஏராளம். சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார். சுபகாரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட கோலத்தை, எழுந்து நின்று கும்பிட வைத்தார்.

எல்லாவற்றுக்கும் நடுவில் விடாமல் பாடியது முருகனை. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை நம் பேரக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய பாலமுருகனை அவ்வையாக வந்து சமாதானம் செய்கிறார். கோபித்துக்கொண்டு போய்விட்ட ஒருவனைத் திரும்பி வா என்று கெஞ்சியும் கொஞ்சியும் கூப்பிடும் அந்தக் குரலை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எதிரில் நிற்பது சின்னப் பையன் என்பது மறந்துபோகும். மேடையில் அவர் பார்த்த முருகன் கிட்டப்பாதானே. சுந்தராம்பாள் இப்படி எங்கும் சொன்னதில்லை. பாட்டைக் கேட்டு நானாகப் புரிந்துகொண்டது.

1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அதுவும் முருகன் படம். 1970-ல் பத்மஸ்ரீ. அறுபது வயதிலும் சுருதி இறங்கவில்லை. 1980-ல் இறக்கும்வரை சேலையின் நிறமும் மாறவில்லை. கிட்டப்பாவோடு இருந்தது ஆறேழு வருஷம், அதிலும் பிரிந்திருந்த நாட்கள் பாதி. அவர் இல்லாமல் பாடியது 47 வருஷம்.

நம் பிளாக்குகளில் எண்பதைத் தாண்டிய சிலர் இருக்கிறார்கள். 'அவ்வையார்' படத்தை டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களாக இருக்கக்கூடும். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கே.பி.எஸ். பெயரைச் சொல்லிப் பாருங்கள். பாடியே காட்டுவார்கள்.