ஜான் ரென்னியும் தேம்ஸ் நதிக் கற்பாலமும்

நதிகளின்மீது கற்பாலம் சமைத்துப் புகழ்பெற்ற பொறியியலறிஞருள் ஜான் ரென்னி என்பவர் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஸ்காட்லாந்து தேசத்தில் 1761-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி உழவர் குடியொன்றில் இவர் பிறந்தார். அயலிலிருந்த ஆண்ட்ரூ மெய்க்கில் என்னும் ஆலைத்தச்சரின் பட்டறையே இவருக்கு முதற்பள்ளியாயிற்று. பின்னர் எடின்பரோ சர்வகலாசாலையிலும் பயின்றார். கைத்திறனும் நூலறிவும் ஒருங்கே வாய்ந்த இவரை, ஜேம்ஸ் வாட் என்பார் 1784-இல் லண்டன் மாநகரத்து ஆல்பியன் ஆலை வேலையில் அமர்த்தினார்.

1797-இல் ட்வீட் நதி பெருகிக் கெல்சோ நகரத்துப் பாலத்தை அழித்தது. அவ்விடத்து ரென்னி அமைத்த புதிய பாலம் 1803-இல் முற்றுப்பெற்றது. அரைவட்ட வளைவு அகல அகல உயரமும் மிகும். பாலத்தின் முதுகும் கூனும். ஆதலின் இவர் அரை நீள்வட்ட வளைவுகளைக் கையாண்டார். வெள்ளத்திற்கு அகன்ற வழியும், வண்டிகளுக்குச் சமதளமான பாதையும் ஒருங்கே கிடைத்தன.

இம்முறையையே லண்டனில் தேம்ஸ் நதிமீது பெரிதாக்கினார். 1811-இல் தொடங்கிய அக்கருங்கற் பாலத்திற்கு 120 அடி அகலமுள்ள ஒன்பது வளைவுகள்; இடையே 20 அடிப் பருமனுள்ள கால்கள்; ஒவ்வொரு காலின் மேலும் இணைத்தூண்கள். வாட்டர்லூ எனப் பெயர்பெற்று, 1817 ஜூன் 18-ஆம் தேதி அது திறக்கப்பெற்றது. அதற்கென அளிக்க முன்வந்த வீரப்பட்டத்தை ரென்னி ஏற்றிலர்.

அந்நாளில் ஆற்றின் கீழ்ப்பால் இருந்த பழைய லண்டன் பாலம், நெருங்கிய கால்களால் அணைபோல் நின்று நீரின் வேகத்தைத் தடுத்தது. அதற்கீடாக ஐந்து வளைவுகளுடைய புதுப்பாலம் ஒன்றை ரென்னி வகுத்தார். 1821 அக்டோபர் 4-ஆம் தேதி அவர் இறந்தபின், அவர் மைந்தர் அதனைக் கட்டி 1831-இல் முடித்தனர். பழைய பாலம் அகற்றப்பட்டதும் நீரோட்டம் விரைந்தது. வாட்டர்லூ பாலக் கால்களின் அடிமண்ணை அரித்தது. நாளடைவில் கால்கள் அமிழ்ந்தன. 1934-இல் பாலத்தை இடிக்கத் தொடங்கினர். ஒருவர் வகுத்த பாலமே அவர் கட்டிய பிறிதொன்றன் கேட்டுக்கு வழியாயிற்று!

இதனால் அவர் பெருமை குன்றுமென்று நாம் கருதோம். கல்லின் வலிமையை அளந்தால் மட்டும் போதாது. ஓரிடத்துச் செய்யும் மாற்றத்தை ஆறு முழுதும் உணரும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். கெல்சோ பாலம் இன்றும் நிலைத்துளது. இடிக்கப்பெற்ற வாட்டர்லூ பாலத்தின் இரு விளக்குத்தூண்கள் அதன் ஒருபுறத்தே நாட்டப்பெற்று நிற்கின்றன.