நெஞ்சு நிறைந்தால் நூல் பிறக்கும்



சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் தடித்த நோட்டு ஒன்று. தம் வாழ்க்கை அனுபவங்களைப் புத்தகமாக வெளியிடப் போவதாகவும், நான் அணிந்துரை தர வேண்டும் என்றும் கேட்டார். எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். தமக்குப் பிறகும் தம் பெயர் நிற்க வேண்டும் என்றார். இந்த ஆசை இல்லாதவர் யார்? ஆனாலும் அந்தப் பதில் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது நம் குற்றாலத்தில் வாழ்ந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தான் ரசிகமணி டி.கே.சி. என்று தமிழுலகம் போற்றும் டி.கே. சிதம்பரநாத முதலியார்.

1882-இல் பிறந்த அவர் சட்டம் படித்தவர். சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராகவும், 1930-களில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் இருந்தார். ஆனால் பதவிகளைவிட அவர் மனம் தமிழ்க் கவிதையில்தான் தோய்ந்து கிடந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். கம்பனின் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், மணிக்கணக்கில் பாடியும் விளக்கியும் அனுபவிப்பார். அந்தக் கூட்டத்திற்கு வட்டத்தொட்டி என்று பெயர். பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது இராஜாஜி, கல்கி போன்றவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு அருவிக் குளியல், வயிறார உணவு, அதன் பிறகு கம்பன். இதுதான் அவர் வீட்டு விருந்தோம்பல்.

இவ்வளவு ரசித்தவர் நூல் எழுத அவசரப்படவில்லை. பல ஆண்டுகள் பேசினார். நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1941-இல் கல்கி இதழ் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. அந்த இதழில் கம்பனைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். இதய ஒலி, கம்பர் யார்?, முத்தொள்ளாயிர உரை, கம்பர் தரும் இராமாயணம் ஆகிய நூல்கள் வெளிவந்தன. அவர் எழுத்தைப் படித்தால், நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும். நண்பருக்கு எழுதிய கடிதங்கள்கூடப் பின்னாளில் நூலாயின. தாம் சுவைத்ததை இன்னொருவரும் சுவைக்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை எழுத வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் வாழ்வில் பெருந்துயரமும் வந்தது. அன்பு மகனைப் பறிகொடுத்தார். நண்பர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கல் பாடல்கள் எழுதி அனுப்பினார். அந்தத் துயரத்திலும் கவிதை அந்தத் தந்தைக்கு ஆறுதலாயிற்று. எழுத்து ஒரு மனிதரின் கண்ணீரைத் துடைக்கும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் கம்பன் எழுதியவை அல்ல என்று ஒதுக்கினார். சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். தமக்குச் சுவைபடவில்லை என்பதே அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது. புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நாம் எவ்வளவு அன்பு வைத்தாலும், பிறர் சொல்லை நம் விருப்பப்படி திருத்தும் உரிமை நமக்கு இல்லை. மறையுரை ஆற்றும் என் போன்றவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1954 பிப்ரவரி 16 அன்று டி.கே.சி. மறைந்தார். சாரல் காலத்தில் நாமும் குற்றாலம் போகிறோம். அருவியில் நனைந்தவுடன் நமக்கு என்ன தோன்றுகிறது? வீட்டிலிருப்பவர்களையும் அழைத்து வந்திருக்கலாமே என்றுதான். தனியாக அனுபவிக்கும் மகிழ்ச்சி பாதி மகிழ்ச்சிதான். யோவான் தம் முதல் திருமுகத்தின் தொடக்கத்தில், தாங்கள் கண்டதையும் கேட்டதையும் அறிவித்து, மகிழ்ச்சி நிறைவு பெறவே எழுதுவதாகச் சொல்கிறார். லூக்காவும் தெயோபில் என்ற ஒருவரை முன்னிறுத்தித்தான் தம் நற்செய்தியைத் தொடங்குகிறார்.

அந்த ஆசிரியர் மறுபடி வந்தபோது, இதையெல்லாம் யாருக்குச் சொல்ல ஆசை என்று கேட்டேன். வெளியூரில் படிக்கும் பேத்திக்கு என்றார். அப்படியானால் அவளை எதிரில் உட்கார வைத்ததாக நினைத்து மீண்டும் எழுதுங்கள், அணிந்துரை கட்டாயம் தருகிறேன் என்றேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.

நம் ஒவ்வொருவரிடமும் சொல்லத் தகுந்த ஏதோ ஒன்று உண்டு. அதை நம் பெயருக்காகச் சொல்லப் போகிறோமா? பிறர் மகிழ்ச்சிக்காகச் சொல்லப் போகிறோமா? சிந்திப்போம்.