கணக்கு எழுதியவர்: ஜோன் வெஸ்லியின் வாழ்க்கை

எமது கல்லூரியின் வேர் மெதடிஸ்த மிஷன். அதன் முதல் மிஷனரிமார் 1814 இல் காலியில் வந்திறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மாத்தறைக்கும் பிரிந்து சென்றார்கள். அந்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லியின் பெயரைச் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளுமாக நாம் எல்லோரும் கேட்டே வளர்ந்தோம். குதிரையேறி ஊரூராகப் பிரசங்கித்தவர் என்பதற்கு மேல் நம்மிற் பலருக்கு எதுவும் நினைவில் இராது. அவர் எதைத் தேடி அலைந்தார் என்பதை இந்த வயதில்தான் நாம் விளங்கிக்கொள்கிறோம்.

1703 இல் இங்கிலாந்தின் எப்வத் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். தாய் சுசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறைய அரைவாசிப் பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். எஞ்சியோருக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். பெண்பிள்ளை நன்றாக வாசிக்கப் பழகும்வரை அவளை வீட்டு வேலைக்குப் பழக்கக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அந்த ஒரு சட்டத்துக்காகவே இம்மலரில் அவருக்குத் தனியே ஒரு பக்கம் கொடுக்கலாம்.

ஒக்ஸ்போட்டில் படித்த வெஸ்லி 1726 இல் அங்கே லிங்கன் கல்லூரியின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார். அவரும் தம்பி சாள்ஸும் வேறு சிலரும் சேர்ந்து வேதம் வாசித்தார்கள், புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார்கள், சிறைக்குச் சென்று கைதிகளைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்ததால் மற்ற மாணவர்கள் கேலியாகச் சூட்டிய பெயர்தான் மெதடிஸ்தர். வெஸ்லி மணிக்கு மணி தம் பக்திநிலையை எண்ணால் அளந்து குறிப்பேட்டில் எழுதிவந்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரத்தின் இசட் புள்ளிவரை எண்ணாலேயே நம்மை அளந்து வளர்ந்த எமக்கு அந்தக் குறிப்பேடு அந்நியமானதல்ல.

1735 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல். பாய்மரச் சீலை கிழிந்து தண்ணீர் உள்ளே புகுந்தபோது, கூடப் பயணித்த ஜெர்மானிய மொராவியச் சபையார், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கலங்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லியோ சாவுக்கு அஞ்சினார். ஜோர்ஜியாவிலும் ஒன்றும் சரிவரவில்லை. தாம் விரும்பியிருந்த பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். அது வழக்கில் முடிந்தது. இதில் அவர் பக்கம் பேச எம்மால் முடியாது. 1737 டிசம்பரில் அங்கிருந்து வெளியேறினார்.

இனி வருவதுதான் இந்தக் கதையின் நடு. பீற்றர் போலர் என்ற இளம் மொராவியப் போதகர், மனிதன் தன் செயல்களால் அன்றி விசுவாசத்தினாலேயே கடவுள்முன் நீதிமானாக்கப்படுகிறான் என்று அவருக்கு எடுத்துரைத்தார். தம்மிடம் அந்த விசுவாசம் இல்லை, ஆகவே பிரசங்கத்தை விட்டுவிடவா என்று வெஸ்லி கேட்டார். கிடைக்கும்வரை அதையே பிரசங்கி, கிடைத்தபின் கிடைத்ததற்காகப் பிரசங்கி என்பது போலரின் ஆலோசனை. அப்படி அவர் முதன்முதலில் இதை எடுத்துச் சொன்னது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியிடம். அது 1738 மார்ச் மாதம். மூன்று வாரம் கழித்து ஒக்ஸ்போட் சிறையில் வெஸ்லியோடு மண்டியிட்டுச் செபித்த அந்தக் கைதி, எழுந்தபோது தன் பாவங்கள் நீங்கிவிட்டன, சாகத் தயார் என்றான். தூக்குமேடைவரை அந்த அமைதி அவனை விட்டு நீங்கவில்லை. கொடுக்க வந்தவரின் கை அப்போதும் வெறுமையாகவே இருந்தது.

நீதிமானாக்கப்படுதல் என்பது எமக்குச் சற்றுக் குழப்பமான சொல். அது நீதிமன்றச் சொல். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் முதலில் நல்லவனாகிப் பிறகு விடுதலை பெறுவதல்ல அது. கிறிஸ்துவினிமித்தம் நீதிபதி முதலில் விடுவிக்கிறார், அவன் வாழ்வு அதற்குப் பிறகுதான் மாறத் தொடங்குகிறது. என்ன பாவம் செய்தேனோ என்று எமது நோயாளர்கள், சைவரும் கிறிஸ்தவரும், கட்டிலிற் கிடந்தபடி கேட்பதுண்டு. மருத்துவர்களாகிய எம்மிடம் அதற்கு மருந்து இல்லை. வெஸ்லி தம்மைப்பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுவே.

அதே ஆண்டு மே 24 ஆம் நாள் மாலை, மனமின்றியே அல்டர்ஸ்கேற் வீதியில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில், கிறிஸ்து தம் பாவங்களையும், ஆம், தம்முடையவற்றையும் எடுத்துவிட்டார் என்ற உறுதி நெஞ்சில் இதமான சூடாகப் பரவியதை உணர்ந்தார்.

அடுத்த ஆண்டு பிறிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். கோயிலுக்கு வெளியே பிரசங்கிப்பது பாவம் என்றே அதுவரை எண்ணியிருந்தவர் அவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கூடினர். விசுவாசம் வரும்வரை திருவிருந்தும் செபமும் வேண்டாம், சும்மா இருங்கள் என்று மொராவியரிற் சிலர் சொன்னபோது 1740 இல் அவர்களை விட்டுப் பிரிந்தார். இலவசமாகக் கிடைத்த விடுதலை கைகட்டி இருப்பதற்கல்ல என்பது அவர் கட்சி. 1746 இல் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு எளிய வைத்தியம் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதிலுள்ள சில மருந்துகளைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் நடை, குளிர்ந்த நீர், அளவான உணவு பற்றி அவர் சொன்னவற்றை நாம் இன்றும் கிளினிக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சூடு நிலைத்திருந்ததா? இல்லை. 1766 இல் சாள்ஸுக்கு எழுதிய கடிதத்தில், சிலவற்றைச் சுருக்கெழுத்தில் மறைத்து, தாம் கடவுளை ஒருபோதும் நேசித்ததில்லை என்று எழுதினார். மருத்துவர்களாகிய நாம் இதற்கு உடனே ஒரு நோயின் பெயரைச் சூட்டப் பார்ப்போம், அது வேண்டாம். தம் உணர்ச்சியும் எண்ணால் அளக்கப்படவேண்டிய இன்னொன்று அல்ல என்பதை அவர் மெல்ல மெல்லத்தான் கற்றார் என்று நாம் கருதுகிறோம். உள்ளம் வறண்டிருந்த காலத்திலும் அவர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை.

1783 இல் பிறிஸ்டலில் கடும் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஐம்பது ஆண்டு அலைச்சலைத் திரும்பிப் பார்த்து, அதில் தாம் ஊன்றி நிற்கக்கூடியது எதுவும் இல்லை என்றார். தாம் பாவி, இயேசு தமக்காக மரித்தார், அவ்வளவுதான் தம்மிடம் உண்டு என்றார். பிழைத்தெழுந்து மேலும் எட்டாண்டுகள் பயணம் செய்தார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸை ஊக்குவித்து 1791 பெப்ரவரியில் கடிதம் எழுதி, மார்ச் 2 ஆம் நாள் 87 வயதில் இறந்தார். தம் உடலை ஏழைகள் ஆறு பேர் சுமக்கவேண்டும், ஆளுக்கு ஒரு பவுண் கொடுக்கவேண்டும் என்று மரணசாசனத்தில் எழுதியிருந்தார். அவர்களே சுமந்தார்கள்.