கழுத்து மருவுக்கும் ஒரு எண்: மெடிக்கல் கோடிங்குக்கு அடித்தளம் போட்ட பெர்ட்டிலான் யார்?

உங்க ஸ்கூல் டி.சி.யை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் வலது கையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று ஏதாவது எழுதியிருக்கும். அங்கே அந்த மச்சத்துக்கு ஒரே வேலைதான், உங்களை அடையாளம் காட்டுவது. அதே மச்சம் மருத்துவமனை கோப்பில் ஏறினால் அதற்கு ஒரு எண் கிடைக்கும்: டி22.

இப்படி நோய்க்கு எண் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். காஞ்சிபுரத்தில் டிகிரி முடித்துவிட்டு சென்னைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இது பழகிய பெயர். அமெரிக்க மருத்துவமனைகளின் கோப்புகளைப் படித்து எண் போடும் வேலை இங்கே பல நிறுவனங்களில் நடக்கிறது. இன்சூரன்ஸ் பணம் வருமா வராதா என்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, இதையெல்லாம் தொடங்கி வைத்தது யார்? அதற்கு 19-ஆம் நூற்றாண்டு பாரிஸுக்குப் போகணும்.

எண்களோடு வாழ்ந்த குடும்பம்

ஜாக் பெர்ட்டிலான் 1851-இல் பாரிஸில் பிறந்தார். அவருடைய தாய்வழித் தாத்தா அஷில் கியார், மக்கள்தொகை பற்றிய படிப்புக்கு டெமோகிராஃபி என்று 1855-இல் பெயர் வைத்தவர். அப்பா லூயி அடால்ஃப் டாக்டர். பாரிஸ் நகரப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவரும் அவர்தான். ஜாக்கும் டாக்டருக்குப் படித்தார். 1883-இல் அப்பா இறந்ததும் அந்த அலுவலகப் பொறுப்பு மகன் கைக்கு வந்தது.

அவருடைய தம்பி அல்ஃபோன்ஸ் போலீஸ் துறைக்குப் போனார். கைரேகை முறை பரவும் முன்பே, 1880-களில், குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையைக் கொண்டு வந்தவர் அவர். மச்சம், தழும்பு, பச்சை குத்தல் எல்லாம் உடம்பில் எங்கே இருக்கின்றன என்று அட்டையில் பதிவானது.

தம்பி உயிரோடு இருந்தவர்களின் மச்சத்தைக் குறித்தார். அண்ணன் கணக்கெடுத்ததோ, மக்கள் எதனால் சாகிறார்கள் என்பதை!

என்ன பிரச்சினையைத் தீர்த்தார்?

காஞ்சிபுரம் புடவைக் கடையில் எம்.எஸ். ப்ளூ என்று கேட்டால் எந்த நீலம் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். வெறுமனே நீலம்னு கேட்டால் பத்துப் புடவையைப் பிரித்துப் போட வேண்டியதுதான். அன்றைய மருத்துவப் பதிவுகள் இந்த இரண்டாவது நிலையில்தான் இருந்தன. ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். அதனால் ஒரு நாட்டின் கணக்கை இன்னொரு நாட்டோடு ஒப்பிட முடியாது.

இங்கிலாந்தின் வில்லியம் ஃபார் உள்ளிட்டோர் 1850-களிலேயே பொதுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். ஆனால் எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. 1891-இல் வியன்னாவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் நிறுவனம், புதுப் பட்டியல் போட ஒரு குழுவை அமைத்து பெர்ட்டிலானைத் தலைவராக்கியது. 1893-இல் சிகாகோ கூட்டத்தில் அவர் பட்டியலை வைத்தார். 44, 99, 161 தலைப்புகள் என்று மூன்று அளவுகளில் இருந்தது அது. சின்ன அலுவலகம் சின்னதை எடுத்துக்கலாம், பெரிய அலுவலகம் பெரியதை எடுத்துக்கலாம்.

1900-இல் 26 நாடுகளின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடி அதைத் திருத்தினார்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவது என்றும் முடிவானது. அதன் பிறகு வந்த திருத்தங்களுக்கும் முன்னின்று உழைத்த பெர்ட்டிலான் 1922-இல் காலமானார்.

மருவுக்கு இதில் இடம் எப்போது?

பெர்ட்டிலான் போட்டது மரணப் பட்டியல். மச்சத்தாலோ கொழுப்புக் கட்டியாலோ யாரும் சாவதில்லை. அதனால் அவற்றுக்குத் தனி எண் தேவைப்படவில்லை. நோய்களுக்கும் சேர்த்துப் பட்டியல் போட அவர் காலத்திலேயே முயற்சி நடந்தது. ஆனால் அது பெரிதாக வளரவில்லை.

1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கையில் எடுத்தபோதுதான் நிலைமை மாறியது. சாவுக்கான காரணங்களோடு, உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் ஒரே பட்டியலுக்குள் வந்தன. அதன் பத்தாவது வடிவம்தான் ஐசிடி-10. அமெரிக்கா தனக்கேற்ப மாற்றிய ஐசிடி-10 வடிவத்துக்கு 2015 அக்டோபர் 1 அன்று மாறியது. ஐசிடி-11 உலக அளவில் 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஒரு வார்த்தையில் என்ன இருக்கு?

மரு என்று நாம் சொல்லும் ஒரே வார்த்தைக்கு கோடிங்கில் ஒரே எண் கிடையாது. வைரஸால் வருவது என்றால் பி07. கழுத்தில் தொங்கும் சின்ன தோல் முடிச்சு என்றால், அமெரிக்க வடிவத்தில் எல்91.8. தோலுக்கு அடியில் உருளும் கொழுப்புக் கட்டி டி17. மச்சம் போலவே தெரிந்தாலும் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருந்தால் சி43.

கட்டின்னு சொன்னதுமே காஞ்சிபுரத்துக்காரர்கள் பலருக்கு காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த பயம் நியாயமானதா இல்லையா என்று சொல்லப்போவது, வெட்டி எடுத்த திசுவைப் பரிசோதிக்கும் பயாப்ஸி ரிப்போர்ட். சந்தேகமான கட்டி என்றால், அந்த ரிப்போர்ட் வரும்வரை கோடர்கள் காத்திருப்பது இதனால்தான். அவசரப்பட்டு புற்றுநோய் எண்ணைப் போட்டால், இல்லாத நோய் ஒருவர் கோப்பில் ஏறிவிடும். புற்றுநோயைச் சாதாரண மச்சம் என்று பதிந்தால் அது இன்னும் ஆபத்து.

டாக்டர் குறிப்பில் வெறுமனே கட்டி என்று இருந்தால் கோடர் ஊகிக்கக் கூடாது. என்ன வகை, உடம்பில் எங்கே, எவ்வளவு பெரியது, ஏன் எடுத்தார்கள் என்ற நான்கும் வேண்டும். ரத்தம் கசிந்தது, உடை உரசி வலித்தது என்பது போன்ற காரணம் எழுதப்படாவிட்டால், அழகுக்காக எடுத்தது என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

பெர்ட்டிலான் பட்டியலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க, டாக்டர் எழுதும் குறிப்பு தெளிவாக இருக்கணும். அதனால் அடுத்த முறை ஒரு சின்ன மருவை எடுத்துவிட்டு வந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எடுத்தது என்ன, எதுக்காக எடுத்தாங்க என்று அதில் இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிடுங்க. பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தால் அதையும் பத்திரமா வையுங்க.